குளியலறை மார்பிளில் மஞ்சள்: மேலே படிந்த அழுக்கா, அடியில் நிற்கும் தண்ணீரா?

கேள்வி, ஜனவரி 11

குளியலறைத் தரைக்கு வெள்ளை மார்பிள் டைல்ஸ் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஷவருக்குக் கீழே உள்ள ஏழெட்டுக் கற்கள் மட்டும் மஞ்சளாகிவிட்டன, ஓரங்களில் பழுப்பேறி இருக்கிறது. மற்ற இடமெல்லாம் போட்ட அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. சோப்பு அழுக்குதான் ஊறியிருக்கிறது என்பது என் கணக்கு. பிளீச் ஊற்றி ஒரு ராத்திரி விட்டால் வெளுத்துவிடும் என்று நினைக்கிறேன். சரிதானே?

ஜனவரி 11, இரவு 10.40

ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். இளமஞ்சளாக இருந்த ஆறு கற்கள் மறுநாள் காலையில் தேநீர் கொட்டியது போல் ஆகியிருந்தன. அவற்றில் இரண்டு இன்னும் பழைய நிறத்துக்கு வரவில்லை.

விவரம் நாளை எழுதுகிறேன். இன்று ராத்திரி அந்தப் புட்டியைத் திறக்காமல் இருங்கள்.

ஜனவரி 12

மார்பிள் பெரும்பாலும் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். சுத்தமான கால்சைட் வெள்ளை. ஆனால் கல் உருவானபோதே வேறு தாதுக்களும் கொஞ்சம் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. அவற்றில் நமக்குத் தொல்லை தருவது இரும்பு, குறிப்பாகப் பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு. பொடிப்பொடியாக, பெரும்பாலும் சாம்பல் நிற ரேகைகளை ஒட்டி இருக்கும். கல் காய்ந்திருக்கும் வரை அது சும்மா கிடக்கும். தண்ணீரும் ஆக்சிஜனும் தொடர்ந்து கிடைத்தால் துருவாகும். வெளியில் கிடக்கும் ஆணி எப்படித் துருப்பிடிக்கிறதோ அதே கதைதான், கல்லுக்குள் நடக்கிறது.

பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட், வலுவான ஆக்சிஜனேற்றி. சாயத்தை வெளுக்க வைக்கிற அதே குணம், துருவாகாமல் மிச்சம் இருக்கும் இரும்பையும் துருவாக்கிவிடும். துணியில் வெளுக்கும், கல்லில் பழுக்கும்.

உங்கள் கல்லில் நடந்திருப்பதும் இதுதான் என்று பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். முதலில் நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ சுரண்டிப் பாருங்கள். சோப்புப் படிவு கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும், சுரண்டினால் மாவு போல வரும். நிறமும் மஞ்சளைவிட வெள்ளையும் சாம்பலுமாகத்தான் இருக்கும். இரும்புக் கறை கல்லுக்குள் இருக்கிறது, சுரண்டினால் ஒன்றும் வராது.

அப்புறம் கறையின் உருவத்தைப் பாருங்கள். மேலிருந்து வந்த கறைக்கு ஓர் உருவம் உண்டு. சொட்டு, வளையம், தகர டப்பாவின் அடிவட்டம், சிந்தி ஓடிய தடம் என்று ஏதாவது ஒன்று. கீழிருந்து வருவதற்கு அப்படி இருக்காது. கல்லின் ஓரத்தில் தொடங்கி, ஜாயிண்டை ஒட்டிப் பரவி, நடுவை நோக்கி மங்கிக்கொண்டே போகும். ஓரங்கள்தான் அதிகம் பழுப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

ஜனவரி 13

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பிளீச் எதற்குமே ஆகாது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். ஜாயிண்டில் பிடிக்கும் கருப்புப் பூஞ்சையை அது வெளுக்கும், அது உண்மை. ஆனால் ஜாயிண்டுக்கு ஊற்றுவது கல்லின் மேலும்தான் போகிறது. இரும்புக் கறை இல்லாத இடத்தில் பூஞ்சைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று: பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா சேர்ந்தால் குளோராமின் வரும். இரண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும். மூடிய குளியலறையில் ஒன்று சரிவரவில்லையே என்று அதன் மேலேயே இன்னொன்றை ஊற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

ஜனவரி 15

என் தரைக்கு நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன். நான் வரிசையாகச் செய்த ஒவ்வொன்றையும் இங்கே யாரோ ஒருவர் செய்யப் போகிறார்.

முதலில் நான் குற்றம் சொன்னது தரை கழுவும் திரவத்தை. மாற்றினேன். எந்த வித்தியாசமும் இல்லை. அப்புறம் பிளீச், அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். பழுப்பைப் பார்த்துப் பயந்துபோய், துருவை நீக்கும் என்று விற்ற ஒரு திரவத்தை வாங்கி வந்தேன். புட்டியின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. அது ஆசிட். ஊற்றியவுடன் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பியது. அந்தக் குமிழ் கரியமில வாயு, கரைந்துகொண்டிருந்தது என் தரை. ஒரு நிமிடத்துக்குள் கழுவிவிட்டேன், ஆனாலும் மூன்று கற்களில் பளபளப்பு போய்ச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. பழுப்பு லேசாகக் குறைந்தது என்னவோ உண்மை. கல்லின் மேற்பரப்பும் சேர்ந்துதான் குறைந்தது.

அதற்குப் பிறகுதான் விவரம் தெரிந்த ஒருவர் சொல்லி துருவைக் கரைக்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டை மாவோடு சேர்த்துக் கல்லில் அப்பி, பற்றுப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் வெள்ளை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்து வாரம் கழித்து அதே கல், அதே ஓரம், அதே மஞ்சள்.

மறுபடி போட்டேன். மறுபடி வந்தது. மூன்றாவது முறை பற்றுக்கு மாவு பிசையும்போதுதான் வேறு யோசனை வந்தது. கறையை எடுக்கும் வழி கிடைத்துவிட்டது. கறையைச் செய்கிற ஒன்று கீழே ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறதே? அன்றைக்குத் தரையைத் தட்டிப் பார்த்தேன். ஒரு கல் மட்டும் பொத்தென்று சத்தம் போட்டது. பெயர்க்கச் சொன்னேன். அடியிலிருந்த மணல் சிமெண்ட் கலவை ஈரப் பஞ்சு மாதிரி இருந்தது, கையால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. ஷவரை நிறுத்தி நான்கு நாள் ஆகியிருந்தபோதும் அப்படி. குளித்த தண்ணீரெல்லாம் ஜாயிண்ட் வழியாக இறங்கி, போக வழியில்லாமல் இரண்டு வருடமாக அங்கேயே தங்கியிருந்திருக்கிறது.

அது ஏன் வடியவில்லை என்பதை உங்கள் தரையைப் பற்றித் தெரிந்த பிறகு எழுதுகிறேன். எல்லார் வீட்டிலும் ஒரே காரணம் இருக்க வேண்டியதில்லை.

ஜனவரி 16

எலுமிச்சை, வினிகர் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஆசிட். மார்பிளில் வேண்டாம்.

கறையையும் அரிப்பையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். கறை என்பது கல்லுக்குள் புகுந்த வேற்றுப் பொருள், அது நிறத்தைக் கூட்டும். அரிப்பு என்பது கல்லே கரைந்த இடம். சாய்ந்த வெளிச்சத்தில் மங்கலாக, வெளிறித் தெரியும், விரலால் தடவினால் வேறுபாடு தெரியும். அரிப்புக்கு எந்தப் பற்றும் உதவாது, அங்கே உறிஞ்சி எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. தேய்த்து மறுபடி பாலீஷ் ஏற்றத்தான் வேண்டும். சின்ன மங்கலுக்கு மார்பிள் பாலீஷ் பவுடரை ஈரத் துணியில் தொட்டு நீங்களே தேய்க்கலாம். நகத்துக்குத் தட்டுப்படும் அளவு ஆழம் என்றால் வைரத் துகள் பதித்த தேய்ப்பு பேட் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

ஜனவரி 17

பாலீஷ் போட்ட மார்பிள் தண்ணீரே உறிஞ்சாது என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். குறைவாக உறிஞ்சும் என்பது சரி. கட்டட மார்பிளுக்கான அமெரிக்கத் தர அளவான ஏ.எஸ்.டி.எம். சி503-இன்படி, கல் தன் எடையில் 0.20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது. கேட்கும்போது ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் பாலீஷ் மேல்பக்கம் மட்டும்தானே? அடிப்பக்கம் அறுத்த வாக்கில் சொரசொரப்பாக, ஈரக் கலவையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு குடித்தது என்பதைவிட எத்தனை மாதம் விடாமல் குடித்தது என்பதுதான் இங்கே கணக்கு.

ஜனவரி 19

ஓதம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. 45 சென்டிமீட்டர் சதுரத்தில் கனமான, நிறமில்லாத பிளாஸ்டிக் தாளை வெட்டி, மஞ்சளான கற்களின் மேல் வைத்து நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். கான்கிரீட் தளத்துக்குச் சொல்லப்பட்ட முறை இது, கல்தரையிலும் ஓரளவு பேசும். தாளின் அடியில் வியர்த்திருந்தால், அல்லது கல் கருத்திருந்தால், கீழே ஈரம் இருக்கிறது.

ஜனவரி 21

தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தவுடன் "நான் சொன்னேன் அல்லவா" என்று எழுத உட்கார்ந்துவிட்டு நிறுத்தினேன். நான் சொன்ன சோதனையிலேயே ஓட்டை இருக்கிறது. முந்தின நாள் குளித்த தரையில் ஒட்டினால், மேலிருந்து இறங்கிய ஈரமே தாளில் வியர்க்கும். கீழே எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது.

ஷவரை ஒரு வாரம் நிறுத்த முடியுமா? வேறு குளியலறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கதவைத் திறந்துவைத்து, விசிறி போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி ஒட்டிப் பாருங்கள். ஷவர் பக்கம் ஒரு தாள், எப்போதும் காய்ந்தே இருக்கும் கதவோரம் இன்னொரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு.

ஜனவரி 30

கதவோரத் தாள் காய்ந்திருக்கிறது, ஷவர்ப் பக்கத் தாளில் தண்ணீர். இப்போது சொல்லலாம், உங்கள் தரைக்கு அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறது.

எங்கிருந்து என்பதற்கு இரண்டு வழிதான். குழாயில் கசிவு, அல்லது வடிய வேண்டியது வடியாமல் நிற்பது. குழாயை முதலில் பாருங்கள், அது எளிது. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் நகர்கிறதா என்று ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும்.

மீட்டர் நகரவில்லை என்றால் வடிகால் வாய்தான். பழைய முறையில் போட்ட ஷவர் தரையில், நீர்த்தடுப்புத் தாள் கீழே இருக்கும். அதற்கு மேல் கலவை, கலவைக்கு மேல் கல். ஜாயிண்ட் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் இறங்கும் என்று தெரிந்தேதான் அப்படிச் செய்கிறார்கள். இறங்கிய தண்ணீர் தாளின் மேல் வழிந்து வடிகாலுக்குப் போக வேண்டும். அதற்காக வடிகால் வாயைச் சுற்றிச் சின்னத் துளைகள் உண்டு. கலவை போடும்போது அந்தத் துளைகளில் சிமெண்ட் அடைத்துக்கொண்டால் முடிந்தது கதை. என் வீட்டில் மூன்று துளையும் அடைந்திருந்தன. அதோடு தாளுக்குக் கீழே வாட்டமே, அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவே, கொடுக்கவில்லை. மேலே கல்லுக்கு அழகாக வாட்டம் இருந்தது, கீழே தாள் தட்டையாகக் கிடந்தது. கண்ணுக்குத் தெரிகிற வாட்டத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். தெரியாத வாட்டத்தை நாம்தான் வேலை நடக்கும்போது நின்று கேட்க வேண்டியிருக்கிறது. நான் கேட்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அன்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 3

பற்றுப் போடுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு. தலைவலிக்கு நெற்றியில் பற்றுப் போடுவது போலத்தான். வெள்ளை மாவு ஒன்றில் கறையைக் கரைக்கும் திரவத்தைக் கலந்து குழைத்து அப்புகிறோம். திரவம் கல்லுக்குள் போய்க் கறையைக் கரைக்கிறது. மாவு காயக் காய அந்தத் திரவத்தைக் கறையோடு மேலே இழுத்துக்கொள்கிறது.

மாவுக்குச் சுண்ணக்கட்டித் தூள், டால்கம் தூள், வெள்ளைக் களிமண்ணான கயோலின் எதுவும் சரி. எதுவும் இல்லை என்றால் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைத் திரவத்தில் நனைத்து அடுக்கலாம். கடலை வெண்ணெய் பதத்துக்குக் குழைத்து, அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கனத்தில், கறைக்கு வெளியிலும் ஒரு விரல் அகலம் தாண்டி அப்புங்கள். பிளாஸ்டிக் தாள் மூடி ஓரங்களை ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். பிறகு தாளை எடுத்து முழுவதும் காயவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு வழித்தால் கறையைப் பாதி வழியில் விட்டுவிட்டு வருவீர்கள்.

திரவம் கறையைப் பொறுத்தது. எண்ணெய்க் கறை கருத்துத் தெரியும், அதற்கு அசிட்டோன். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். தேநீர், காபி, இலைச் சாயம், பூஞ்சை போன்றவற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, வெள்ளைக் கல்லாக இருந்தால் மட்டும். அடர்நிறக் கல்லை அது வெளுத்துவிடக்கூடும். சமையல் மேடையில் பல மாதமாக இருந்த ஓர் எண்ணெய் வட்டத்தை அசிட்டோன் பற்று இரண்டே முறையில் எடுத்துவிட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகும் திரும்பவில்லை. மேலிருந்து வந்த கறை, எடுத்தால் போய்விட்டது. குளியலறைக்கும் மேடைக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தது அந்த வட்டம்தான்.

இரும்புக்குப் பெராக்சைடு கூடாது. அதுவும் ஆக்சிஜனேற்றி, பிளீச்சுக்கு அண்ணன்.

பிப்ரவரி 4

நேற்றையதில் பெரிய பிழை ஒன்றை விட்டுவிட்டேன். முழுவதும் காயவிடுங்கள் என்று சொன்னது எண்ணெய்க்கும் சாயத்துக்கும். இரும்புக்கான பற்றை அப்படி விடக் கூடாது.

சோடியம் ஹைட்ரோசல்பைட்டு (டைதயோனைட்டு என்றும் பெயர்) துருவிலுள்ள இரும்பைத் தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றும். தனியாகப் போட்டால் இரண்டு தொல்லை. தண்ணீரில் அது புளித்து அமிலமாகும், கல்லை அரிக்கும். கரைந்த இரும்பும் காற்றுப் பட்டால் மறுபடி துருவாகும். அதனால் கூடவே சோடியம் சிட்ரேட் வேண்டும், கரைந்த இரும்பை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் சமையல் சோடா, புளிப்பை அடக்க. மண்ணிலிருந்து இரும்பு ஆக்சைடைப் பிரித்தெடுக்க மெஹ்ராவும் ஜாக்சனும் 1960-ல் வெளியிட்ட முறையும் இந்த மூன்றும் சேர்ந்ததுதான், மண் ஆய்வுக்கூடங்களில் இன்றும் புழங்குகிறது.

நான் செய்வது இப்படி: ஒரு பங்கு சிட்ரேட்டை ஆறு பங்கு தண்ணீரில் கரைத்து, சோடாவும் சேர்த்து, கறையின் மேல் கால் மணி நேரம் ஈரம் காயாமல் வைப்பேன். அதன் மேல் ஹைட்ரோசல்பைட்டுத் தூளை மெல்லத் தூவி, தண்ணீரில் குழைத்த சுண்ணக்கட்டி மாவை அப்பி மூடுவேன். ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். நெடுநேரம் விட்டால் கருப்பாகக் கறை விழ வாய்ப்புண்டு. வழித்தெடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை கழுவி ஒற்றியெடுக்க வேண்டும். இங்கே கழுவுவதுதான் பாதி வைத்தியம்.

அந்தத் தூள் ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும், டப்பாவைக் குளியலறையில் வைக்காதீர்கள். கந்தக நெடி வரும், காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்குத் தயோகிளைகோலேட் கலந்த துரு நீக்கி கிடைக்கிறது. இரும்பைத் தொட்டால் ஊதா நிறமாகும். கறை இரும்புதானா என்று தெரிந்துகொள்ளவே அதில் ஒரு சொட்டு போதும். வாங்குமுன் கல்லுக்கு ஏற்றதா, அமிலமில்லாததா என்று பின்பக்கம் படியுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்று எழுதிய எதையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், அது தோல் வழியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

பிப்ரவரி 11

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் சம்பந்தம் இருக்கிறது. ஏதென்ஸின் பழங்காலக் கோயிலான பார்த்தனானைக் கட்டப் பயன்பட்ட பெண்டலிக் மார்பிளிலும் இரும்பு உண்டு. நூற்றாண்டுகளில் அது தேன் நிறம் கொள்கிறது. 1937, 38-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அங்கிருந்து வந்த சிற்பங்களைச் சுத்தம் செய்தவர்கள், அவை ஆதியில் தூய வெள்ளையாக இருந்தன என்ற எண்ணத்தில் செப்புக் கருவிகளும் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புப் பொருளும் வைத்துத் தேய்த்து அந்த நிறத்தை எடுத்தார்கள். நிறத்தோடு மேற்பரப்பும் போயிற்று. அதை முதலில் படித்தபோது என் ஆசிட் குமிழ்கள்தான் நினைவுக்கு வந்தன.

தாஜ்மகாலின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே மஞ்சளிப்பு வெளியிலிருந்து வருவது, காற்றிலுள்ள புழுதியும் கரிமத் துகள்களும் படிவதால். அதனால் முல்தானி மிட்டி குழைத்துச் சுவரில் அப்பி, காயவைத்துக் கழுவினால் பலன் தெரிகிறது. அதுவும் பற்றுதான். மேலே படிந்ததை மேலிருந்தே எடுக்கலாம். அதைப் பார்த்துவிட்டு இரும்புக் கறைக்கு முல்தானி மிட்டி போடப் போகாதீர்கள், அந்த மண்ணிலேயே இரும்பு உண்டு.

மார்ச் 2

கூடத்துத் தரை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகிவிட்டது, தண்ணீரே படாத இடம், அதுவும் இரும்பா என்று புதிதாக ஒருவர். அனேகமாக இல்லை. மெழுகோ பளபளப்புப் பூச்சோ வருடக்கணக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருக்கும், அது பழசானால் மஞ்சளாகும். சோபாவுக்கு அடியிலும் நடக்கிற வழியிலும் நிறம் ஒன்றா என்று பாருங்கள். மூலையில் ஒரு கல்லில் மெழுகு நீக்கி போட்டு, துடைத்த துணியைப் பாருங்கள். துணி மஞ்சளானால் கல் தப்பித்தது.

ஜன்னலோரம் மட்டும் மஞ்சள் என்றால் வேறு. கல்லின் விரிசல்களை அடைக்கத் தொழிற்சாலையில் எபாக்சி பிசின் ஏற்றுவார்கள், அது வெயில் பட்டு மஞ்சளாகும். பற்றுக்கு வராது.

மார்ச் 20

புதிதாகப் போட்ட தரையில் ஒவ்வொரு கல்லின் ஓரமும் படச்சட்டம் மாதிரி கருத்திருக்கிறது என்ற கேள்விக்கு: பொறுங்கள். கலவையின் தண்ணீர் ஜாயிண்ட் வழியாகத்தான் வெளியேறுகிறது, ஓரம்தான் கடைசியில் காயும். சில வாரம், சில இடத்தில் இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை சீலர் (கறை இறங்காமல் இருக்கக் கல்லில் பூசும் திரவம்) பூசாதீர்கள், கம்பளம் விரிக்காதீர்கள். கல்லின் நடுவில் ஐந்து பொட்டு வைத்தது போல் தெரிந்தால் அது ஈரம் மட்டும் அல்ல. பேஸ்டை முழுவதும் பரப்பாமல் ஐந்து கட்டியாக வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மெல்லிய வெள்ளைக் கல்லுக்கு அடியில் சாம்பல் சிமெண்ட் போட்டாலும் இப்படித்தான் நிழலாடும். வெள்ளைக் கலவை கேட்டு வாங்க வேண்டும்.

பச்சை மார்பிள் வாங்கப் போகிறவர்கள்: அதில் பல வகை உண்மையில் சர்பென்டைன் என்னும் வேறு கல். தண்ணீர் கலந்த பேஸ்டில் ஒட்டினால் வளைந்து எழும்பிவிடும். எபாக்சி பசைதான்.

ஏப்ரல் 26

உங்கள் வடிகாலைத் திறந்ததில் துளை அடைந்திருந்தது என்று படித்தேன். மீட்டர் நகரவில்லை என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து இதை எதிர்பார்த்தேன், ஆனாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது. நீர்த்தடுப்புத் தாளில் வாட்டம் சரியாக இருக்கிறது என்பது பெரிய நிம்மதி. முழுத் தரையையும் பெயர்க்க வேண்டியதில்லை. வாயைச் சுற்றி ஒரு வரிசைக் கல்லை எடுத்து, துளைகளைத் திறந்து, சுற்றிலும் சின்ன ஜல்லி போட்டு மூடச் சொல்லுங்கள், மறுபடி கலவை புகாது. எனக்கு அந்த யோகம் இல்லை, தாளோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்தோம்.

இப்போது சீலர் பூசிவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம். கல்லுக்குள் இறங்கும் நல்ல சீலர் நீராவியை வெளியேவிடும், அது உண்மைதான். ஆனால் மேலே படலம் கட்டும் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், புட்டியைப் பார்த்து எது எந்த வகை என்று சொல்வது சுலபமில்லை. முழுக்கக் காய்ந்த பிறகு பேசலாம். சீலர் எண்ணெயையும் சாயத்தையும் தாமதப்படுத்தும், ஆசிட் அரிப்பைத் தடுக்காது, கீழிருந்து வரும் தண்ணீருக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஜூலை 5

பத்து வாரமாகக் காய்கிறது. கற்களின் கருமை போய்விட்டது, மஞ்சள் அப்படியே இருக்கிறது, ஏமாற்றமாக இருக்கிறது என்கிறீர்கள். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஈரத்தால் வந்த கருமை தானாகப் போகும், அது வெறும் தண்ணீர். துரு தானாகப் போகாது. ஆனால் இனிப் புதிதாகச் சேராது. இப்போது போடும் பற்றுக்குத்தான் பலன் நிற்கும்.

ஒரே ஒரு கல்லில், மறைவான ஓரத்தில், பிப்ரவரி 4-ல் எழுதியபடி செய்து பாருங்கள். ஒரு வாரம் பொறுத்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

ஜூலை 14

முதல் கல் முக்கால்வாசி வெளுத்தது, ஆனால் தொட்டால் கொஞ்சம் மங்கல். கழுவினது போதவில்லை, அல்லது சோடா குறைந்திருக்கிறது. அடுத்த கல்லுக்குச் சோடாவைக் கூட்டி, நேரத்தை 40 நிமிடமாகக் குறையுங்கள். ஒரே முறையில் எடுக்க நினைக்காமல், இடையில் நான்கைந்து நாள் காயவிட்டு இரண்டு முறை செய்யுங்கள். மங்கலை எல்லாம் கடைசியில் ஒரேயடியாகப் பாலீஷ் பவுடரால் சரிசெய்யலாம்.

ஆகஸ்ட் 30

எட்டுக் கல்லில் ஆறு வெள்ளை, ஒன்றில் ரேகையோரம் மட்டும் நிழல், ஒன்று அப்படியே. ஷவரைத் திரும்பப் பயன்படுத்தி ஐந்து வாரம். எனக்குத் திரும்பி வந்தது இதே ஐந்தாவது வாரத்தில்தான், அதனால் உங்கள் படத்தைத் திறப்பதற்கே கொஞ்சம் தயங்கினேன்.

அப்படியே நிற்கும் கல்லில் மறுபடி மறுபடி போடாதீர்கள். பைரைட் அடர்த்தியாக இருக்கும் கல்லில் துரு வெகு ஆழம் போயிருக்கும், ஒவ்வொரு பற்றும் பாலீஷைத் தின்னும். மிச்சம் வைத்திருக்கும் கல் இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லை என்றால் கதவோரம் இருக்கும் ஒரு நல்ல கல்லைப் பெயர்த்து இங்கே போட்டு, இதை அங்கே வைக்கலாம். நான் என் இரண்டு கற்களுக்கும் அதைத்தான் செய்தேன். கதவுக்குப் பின்னால் இருக்கின்றன.

அக்டோபர் 12

இன்று உங்கள் தாள் சோதனையின் படம் பார்த்தேன். தினமும் குளிக்கிற தரை, இரண்டு நாள் மட்டும் நிறுத்தி 16 மணி நேரம் ஒட்டியது, அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. டேப் ஒட்டிய பசை கல்லில் நாலு பக்கமும் கோடாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைச் சுரண்ட வேண்டாம். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும்.